மாதாவுக்கு முந்திய ஊர்

என் அக்காவுக்கு மாதாவோடு கோபம். நம்பிக்கை போய்விட்டது என்று நினைத்துவிடாதீர்கள். நம்பிக்கை இல்லாதவர்கள் யாரோடு கோபித்து என்ன ஆகப்போகிறது? அக்கா ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போவார், நற்கருணை வாங்குவார், சிலுவைக்கு முன்னால் முழங்காலில் நிற்பார். வெளியே வரும்போது மட்டும் மாதா சுரூபம் இருக்கிற பக்கம் முகத்தைத் திருப்பமாட்டார். ஒரே ஒழுங்கையில் இருந்துகொண்டு கதை பேச்சில்லாமல் போகிற இரண்டு மச்சாள்மாரைப் போலத்தான். பல வருடமாக இது இப்படியே நடக்கிறது.

காரணம் அவருடைய மகன். வன்னியில் போரின் கடைசி நாட்களில் சனத்தோடு சனமாக வெளியே வந்தபோது அவனை ஒரு பேருந்தில் ஏற்றினார்கள். விசாரித்துவிட்டு அனுப்புவோம் என்றார்களாம். அக்கா முள்ளுக்கம்பிக்கு இந்தப் பக்கம் நின்றபடி, பேருந்து புறப்பட முதலே மடு மாதாவுக்கு நேத்தி வைத்தார். பிள்ளையைத் திருப்பித் தந்தால் அவனுடைய உயரத்துக்கு ஒரு மெழுகுதிரி கொண்டுவந்து கொளுத்துவேன் என்பது நேத்தி. எங்கள் ஆட்களிடம் இது வழக்கம்தான். பிள்ளைக்குக் கடும் காய்ச்சல் என்றால் பிள்ளையின் உயரத்துக்குத் திரி, கால் முறிந்தால் கால் நீளத்துக்குத் திரி. கேட்டது கிடைத்ததும் கடனை வைத்திருக்காமல் கொண்டுபோய்க் கொளுத்திவிடுவார்கள். அவன் வரவில்லை. அக்காவும் கொளுத்தவில்லை.

பிறகு மொன்றியலில் கல்யாணம் செய்த மகள் தாயை இங்கே எடுப்பித்தாள். மகளின் வீடு நகரத்தின் ஓரத்தில், இல்-பிசார் என்கிற தீவில். அங்கே நல்ல காற்று, பெரிய வளவு, அமைதி எல்லாம் உண்டு, பஸ்தான் இல்லை. மூன்று மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு அக்கா பார்க் எக்ஸ்டென்ஷனில் இரண்டாம் மாடியில் ஒரு சின்ன வீட்டை எடுத்துக்கொண்டு தனியே வந்துவிட்டார். கீழே இறங்கினால் முருங்கைக்காய், எதிரே மெட்ரோ. நான் ஆற்றுக்கு அந்தப் பக்கம், லொங்குய்யில் இருக்கிறேன். சனிக்கிழமைகளில் போவேன். அக்கா சமைப்பார், நான் உபதேசம் செய்வேன், அக்கா கேட்காதமாதிரி பாத்திரம் கழுவுவார்.

என் உபதேசம் எப்போதும் ஒன்றுதான். அவனுடைய ஆத்துமத்துக்கு ஒரு இளைப்பாற்றிப் பூசை ஒப்புக்கொடுக்கவேண்டும். நான் ஒன்றைப் பிடித்தால் விடாத ஆள். என் கணவர் இந்தக் குணத்துக்கு வைத்திருக்கிற பெயரை இங்கே எழுத முடியாது. அக்கா இரவில் நித்திரை கொள்வதில்லை என்று எனக்குத் தெரியும். தொலைபேசி அடித்தால் ஓடுகிற ஓட்டம் தெரியும். ஒரு பூசை, ஒரு திரி, ஒரு அழுகை, அதோடு மனிசி ஆறிவிடும் என்று நான் உறுதியாக நம்பினேன். அக்காவும் உறுதியாகவே இருந்தார். "செத்தவைக்குத்தான் பூசை. அவன் செத்ததெண்டு உனக்கு ஆர் சொன்னது?" என்பதோடு கதை முடியும்.

எங்கள் கோயில் பங்கில் லூர்துக்கு யாத்திரை ஒழுங்கு செய்தபோது நான் உடனே இரண்டு இருக்கைக்குச் சொல்லிவிட்டேன். லூர்தில், மாதா காட்சி கொடுத்த குகைக்கு முன்னால் வைத்து, அக்காவின் மனம் இளகும் என்பது என் கணக்கு. அக்கா சந்தேகத்தோடு பார்த்தார்.

"உன்னோட ஊர் பாக்க வாறன். அங்கை வந்து பூசை கீசை எண்டு துவங்கினியெண்டா, உன்னை அங்கையே விட்டிட்டு வந்திடுவன்."

"ஓம் அக்கா, ஒண்டும் கதைக்கமாட்டன்" என்றேன். அது பச்சைப் பொய் என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

லூர்து ஒரு மலையடிவார ஊர். விடுதியிலிருந்து குகைக்குப் போகிற தெரு முழுக்கக் கடை, கடை முழுக்க மாதா. திறப்புக் கோர்வையில் மாதா, குடையில் மாதா, இனிப்பு டப்பாவின் மூடியில் மாதா. தீர்த்தம் எடுக்கிற போத்தல்கூட மாதாவின் உருவத்தில்தான். கிரீடத்தைத் திருகினால் மூடி. முதல் நாள் மாலை எங்கள் கூட்டம் செபமாலை சொல்லிக்கொண்டு குகைக்குப் போனது. அக்கா விடுதியின் கதிரையில் கைப்பையை மடியில் வைத்தபடி இருந்துகொண்டார். எங்களோடு வந்த பங்குச் சுவாமி நல்ல மனிதர். "அவவை விடுங்கோ, அவ வரேக்கை வரட்டும்" என்று என்னிடம் சொன்னார். எனக்கு அவர் மீதும் எரிச்சல் வந்தது. இவ்வளவு தூரம் கூட்டிக்கொண்டு வந்தது நானா அவரா?

மறுநாள் காலை, பாணுக்கு வெண்ணெய் பூசிக்கொண்டே அக்கா சொன்னார்.

"உந்தத் தெருவிலை ஒரு மூச்சு விட ஏலாமல் கிடக்கு. மாதா இல்லாத இடமொண்டுக்குக் கூட்டிக்கொண்டு போ."

"பிரான்ஸிலை மாதா இல்லாத இடத்துக்கு எங்கையக்கா போறது?"

"அது உன்ர பாடு. நீதானே கூட்டிக்கொண்டு வந்தனி."

நான் விடுதியின் வரவேற்பில் இருந்த பெண்ணிடம் போய் இதை அப்படியே கேட்டேன். என் கியூபெக் பிரெஞ்சைக் கேட்டு முதலில் சிரித்தாள், பிறகு கேள்வியைக் கேட்டு இன்னும் சிரித்தாள். யோசித்துவிட்டு, ஒரு மணி நேரத் தூரத்தில் ரோமர் காலத்து நகரமொன்றின் இடிபாடுகள் இருக்கின்றன என்றாள். பக்கத்தில் ஒரு சின்னத் தொல்பொருள் காட்சிச்சாலை. "மாதா பிறக்க முந்தியே கட்டத் தொடங்கிய ஊர், மதாம். அங்கே அவர் இருக்க வழியில்லை" என்று சொல்லி ஒரு டாக்சியையும் பிடித்துத் தந்தாள்.

இறங்கியதும் அக்கா முதலில் அண்ணாந்து பார்த்தார். மலையுச்சியில் பெரிய கோயில் ஒன்று, கோபுரத்தோடு, பள்ளத்தாக்கு முழுவதையும் பார்த்தபடி நின்றது. "உது?" என்றார். அது பின்னால் வந்தது அக்கா, நாங்கள் மேலே போகத் தேவையில்லை என்று சமாதானம் சொன்னேன். அக்கா கோயிலுக்கு முதுகு வரும்படியாகத் தொப்பியைச் சரிசெய்துகொண்டு நடந்தார்.

நான் எதிர்பார்த்தது தூண்களும் வளைவுகளும். இருந்தது முழங்கால் உயரச் சுவர்கள். புல்லை ஒட்ட வெட்டி, கற்களைத் துப்புரவாக வைத்திருந்தார்கள். அந்தப் பக்கம் ஒருவருடைய சோளத் தோட்டம். சந்தை இருந்த இடம், கோயில் இருந்த இடம், குளிக்கிற மண்டபம் இருந்த இடம் என்று சின்னச் சின்னப் பலகைகள். எங்களைத் தவிர ஒரு நாயும் அதைக் கூட்டிவந்த கிழவரும்தான். பத்து நிமிடத்தில் எனக்குக் கால் உளைந்தது. அக்காவோ வாடகைக்கு வீடு பார்க்க வந்த ஆளைப்போல ஒவ்வொரு அறைக்குள்ளும் வாசலால்தான் நுழைந்தார். சுவர் முழங்கால் உயரம்தானே, தாண்டி வரலாமே என்றேன். "வாசல் எண்டு ஒண்டு வைச்சிருக்கினமெல்லே" என்றார்.

"குண்டு விழுந்ததோ?"

"இல்லை. தானா அழிஞ்சது."

"வீடு தானா அழியாது. ஆக்கள் போயிருப்பினம். ஆக்கள் போனாத்தான் கூரை விழும்" என்றார் அக்கா. இந்த விஷயத்தில் அவருக்குச் சொல்லித்தர ரோமாபுரிக்கே தகுதியில்லை என்பதால் நான் வாயை மூடிக்கொண்டேன்.

குளிக்கிற மண்டபத்தில் நிலத்துக்கு அடியில் செங்கல் அடுக்கிய குட்டைத் தூண்கள் வரிசையாக நின்றன. அவற்றுக்கு மேலேதான் தளம் இருந்ததாம். கீழே நெருப்பு மூட்டினால் சூடு தளம் முழுக்கப் பரவுமாம். பலகையை வாசித்துச் சொன்னேன். அக்கா குனிந்து நெடுநேரம் பார்த்தார்.

"ரோமர் காலத்திலையே நிலத்துக்குக் கீழை ஹீற்றர் போட்டிருக்கிறாங்கள். என்ர வீட்டுக்காரனுக்குப் பனி கொட்டினாலும் குளிர்காலம் வந்தது தெரியாது."

இந்தச் சுற்றுலாவில் அவர் செய்த முதல் பகிடி அது. எனக்கு நம்பிக்கை வந்தது. மனம் இளகுகிறது, மாலையில் குகைக்குக் கூட்டிப்போய்விடலாம் என்று உள்ளுக்குள் திட்டம் போட்டேன்.

காட்சிச்சாலை பழைய பள்ளிக்கூடம் மாதிரி ஒரு சின்னக் கட்டிடம். இரண்டே அறைகள். நரைத்த தலைமுடியோடு, மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்ட ஒரு பெண்மணி நுழைவுச்சீட்டுக் கொடுத்தார். வேறு யாரும் இல்லாததால் அவரே எங்களோடு வந்தார். கனடாவிலிருந்து வந்தவர்கள் என்று என் வாயைத் திறந்ததும் கண்டுபிடித்துவிட்டார். ஆனால் இரண்டு பேரும் எந்த மொழியில் பேசிக்கொள்கிறோம் என்பதுதான் அவருக்குப் புரியவில்லை. தமிழ் என்றேன். அழகான மொழி என்றார். அக்கா அப்போது "உந்த மனிசி எங்களுக்குப் பின்னாலை ஏன் வருது, ஏதும் எடுத்துப்போடுவம் எண்டோ?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

முதல் அறையில் ஒரு கண்ணாடிப் பெட்டி. உள்ளே உள்ளங்கை அளவு வெள்ளைக் களிமண் உருவம். பிரம்புக் கதிரையில் ஒரு பெண், மடியில் பால் குடிக்கும் குழந்தை. என் கை என்னைக் கேட்காமலே நெற்றிக்குப் போய் சிலுவை அடையாளம் போட்டுவிட்டது. உதடு தொட்டு முத்தமும் கொடுத்தாயிற்று.

"அது மரியாள் அல்ல, மதாம்" என்றார் அந்தப் பெண்மணி மென்மையாக. "அதற்கு முந்தியவள். ஏதோ ஒரு தாய்த் தெய்வம். பெயர் தெரியாது."

நான் இதை அக்காவுக்குச் சொல்லியிருக்கத் தேவையில்லை. சொல்லிவிட்டேன். அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணில் தண்ணீர் வருமட்டும் சிரித்தார்.

"என்னை மாதாவிட்டைக் கூட்டிக்கொண்டு போக எண்டு வந்தவ, ஆர் எவர் எண்டு தெரியாமல் கும்பிடுறா! ஐயோ கடவுளே."

அவர் அப்படிச் சிரித்து நான் கண்டு எவ்வளவு காலம்! ரோமர் காலத்துத் தெய்வத்தைக் கும்பிட்ட பாவம் எனக்கு வந்தாலும் பரவாயில்லை என்று பட்டது.

இரண்டாவது அறையில்தான் அந்தக் கற்கள் இருந்தன. வெள்ளைப் பளிங்கில் செய்த குட்டிப் பீடங்கள். சில ஒரு சாண், சில ஒரு முழம். மேலும் கீழும் விளிம்பு வைத்து, நடுவில் எழுத்து வெட்டியிருந்தார்கள். சுவர் நீளத்துக்குத் தட்டு தட்டாக நின்றன. பக்கத்து மலையிலேயே பளிங்கு எடுப்பதால் ஏழை எளியதுகளும் இதைச் செய்விக்க முடிந்ததாம். இவை எதற்கு என்று கேட்டேன். அந்தப் பெண்மணி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒன்றை வாசித்துக் காட்டினார். முதலில் தெய்வத்தின் பெயர், பிறகு கொடுத்தவரின் பெயர், கடைசியில் நான்கே நான்கு எழுத்து. ஒவ்வொன்றும் ஒரு சொல்லின் முதலெழுத்து. வாக்குக் கொடுத்தபடி, மனமுவந்து, தகும்படி, தீர்த்துவிட்டேன் என்று அர்த்தம். எல்லோருக்கும் தெரிந்த சொற்கள் என்பதால் முழுதாக வெட்டத் தேவையில்லையாம்.

நான் தமிழில் சொல்லி முடிக்க முதலே அக்காவுக்கு விளங்கிவிட்டது. "நேத்திக் கல்லு" என்றார்.

அதன் பிறகு அவர் சிரிக்கவில்லை. ஒவ்வொரு கல்லாகப் பார்த்துக்கொண்டு போனார். சிலதில் எழுத்து நேராக இருந்தது, சிலதில் வெட்டியவருக்கு இடம் போதாமல் கடைசி எழுத்து விளிம்பில் ஏறியிருந்தது. மகனுக்காக என்று ஒன்று, தனக்கும் தன் குடும்பத்துக்கும் என்று ஒன்று. பெண்மணி வாசித்தார், நான் சொன்னேன். கடைசி வரியில் அதே நான்கு எழுத்து திரும்பத் திரும்ப வந்தது. தீர்த்துவிட்டேன். தீர்த்துவிட்டேன்.

"லூர்துக் கோயில் சுவரிலையும் உதுதானே ஒட்டியிருக்கு" என்றார் அக்கா. "நன்றி நன்றியெண்டு பளிங்கிலை. நீ காட்டின படத்திலை பாத்தனான். கிடைச்ச ஆக்களெல்லாம் கல்லு வைச்சிருக்கினம். கிடைக்காத ஆக்களின்ர கல்லு எங்கையெண்டு கேள்."

"அக்கா, அப்பிடியெல்லாம் கேக்க ஏலாது."

"ஏன் ஏலாது? நீதானே பிரெஞ்சு கதைக்கிறனி. கேள்."

எனக்கு வெட்கமாக இருந்தது. என் மேலதிகாரிக்கு மின்னஞ்சல் எழுதுகிற பிரெஞ்சில் இதற்கு வசனம் இல்லை. தட்டுத்தடுமாறிக் கேட்டேன். வேண்டியது கிடைக்காதவர்கள் என்ன செய்தார்கள் என்று என் சகோதரி கேட்கிறார். அந்தப் பெண்மணி என்னைப் பார்க்காமல் அக்காவையே பார்த்தார். பிறகு எங்களை அறையின் மூலைக்குக் கூட்டிப்போய், முழங்காலை மெதுவாக மடித்து, அடித்தட்டைக் காட்டினார்.

அங்கேயும் அதே பீடங்கள், அதே விளிம்பு, அதே பளிங்கு. நடுவில் மட்டும் ஒன்றும் இல்லை. மழித்த தாடை மாதிரி வழுவழுப்பாக இருந்தது.

"இவற்றில் எழுத்து இல்லை" என்றார். "சாயத்தால் எழுதி அழிந்துபோயிருக்கலாம். கல் வெட்டுகிறவர் செய்துவைத்து, வாங்க ஆள் வராமல் விட்டிருக்கலாம். வேறு ஏதாவது காரணம் இருக்கலாம். எங்களுக்குத் தெரியாது."

பக்கத்திலிருந்த சிறு அட்டையை வாசிக்கும்படி அக்கா என்னைக் கேட்டார். வாசித்தேன். பீடம், பளிங்கு, எழுத்து இல்லை.

"அவ்வளவுதானோ?"

"அவ்வளவுதான்."

"கேட்டுப் பார், வேறை ஒண்டும் எழுதேல்லையோ எண்டு. ஆரின்ர கல்லு, என்னத்துக்கு, அப்பிடி."

கேட்டேன். அந்தப் பெண்மணி தலையசைத்தார். தெரியாத ஒன்றை அட்டையில் எழுத முடியாதே, மதாம் என்றார். அக்கா அவருடைய கையைப் பிடித்துக் குலுக்கினார். "மெர்சி" என்றார். பார்க் எக்ஸ்டென்ஷனில் இத்தனை வருடம் இருந்து அக்கா படித்த பிரெஞ்சில் பாதி அது.

வெளியே மர வாங்கில் உட்கார்ந்திருந்தோம். டாக்சி வர நேரம் இருந்தது. மலைமேல் கோயில் மணி அடித்தது. எனக்கு இதுதான் சமயம் என்று பட்டது. எப்போது வாயை மூடவேண்டும் என்பது எனக்குப் பிறவியிலேயே தெரியாத விஷயம்.

"பாத்தீங்களோ அக்கா, அந்தக் காலத்து ஆக்களும் நேத்தியை முடிச்சிட்டுத்தான் நிம்மதியா இருந்திருக்கினம். இண்டைக்குப் பின்னேரம் சுவாமியிட்டைச் சொல்லி ஒரு பூசை…"

"எடி, நீ உள்ளுக்கை என்னத்தைப் பாத்தனி?" அக்கா சத்தம் போடவில்லை. அவர் சத்தம் போட்டால் எனக்குச் சமாளிக்கத் தெரியும். "அந்த மனிசி படிச்ச மனிசி. காலம் முழுக்க அந்தக் கல்லுகளோட இருக்கிறா. அவவே தெரியாது எண்டுறா. தெரியாத இடத்தை வெறுமையா விட்டு வைச்சிருக்கிறா. ஒரு கல்லுக்கே அப்பிடி. நீ என்ர பிள்ளையின்ர பேருக்கு முன்னாலை காலஞ்சென்ற எண்டு எழுதப் பாக்கிறாய்."

"அப்ப அவன் உயிரோட இருக்கிறான் எண்டு நினைக்கிறீங்களோ?"

"தெரியாது."

"இவ்வளவு வருசத்திலை ஒரு தகவல்கூட…"

"தெரியாது எண்டு சொன்னனான். இருக்கிறான் எண்டும் நான் சொல்லேல்லை, இல்லை எண்டும் சொல்லேல்லை. ஆராவது வந்து எனக்கு உண்மையைச் சொல்லட்டும், நான் பூசை குடுக்கிறன், கறுப்பு உடுக்கிறன், எல்லாம் செய்யிறன். அதுமட்டும் தெரியாததைத் தெரியாதெண்டே வைச்சிருக்க எனக்குப் பலம் இருக்கு. உனக்குத்தான் இல்லை."

எனக்குக் கோபம் வந்தது. அதோடு அழுகையும் வந்தது. அழுகை ஏன் என்று அப்போதுதான் விளங்கியது. இளைப்பாற்றிப் பூசை அக்காவுக்காக என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தேன், அது எனக்காக. அந்தப் பிள்ளையை நான் தூக்கி வளர்த்தவள். தொலைபேசி அடிக்கும்போது ஓடாவிட்டாலும் என் நெஞ்சும் ஒருமுறை நின்றுதான் அடிக்கும். அந்தக் காத்திருப்பை முடித்துவிட எனக்குத்தான் அவசரம். அக்கா கைப்பையிலிருந்து ஒரு ரிசுவை எடுத்து என் மடியில் போட்டார். டாக்சி வந்துவிட்டது, மூக்கைத் துடை, டாக்சிக்காரன் பார்க்கிறான் என்றார்.

லூர்துக்குத் திரும்பியதும் அக்கா விடுதிக்குப் போகவில்லை. காலையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு கடந்த மெழுகுதிரிக் கடைக்குள் நேரே நுழைந்தார். விரல் அளவிலிருந்து ஆள் உயரம்வரை திரிகள் நின்றன. கடைக்காரர் எந்த அளவு என்று கேட்டார். அக்கா தன் தலைக்கு மேலே கையை வைத்துக் காட்டினார். கையை எடுக்காமலே ஒருகணம் அந்த உயரத்தைப் பார்த்தார். அங்கே இருந்தவனைப் பார்ப்பதுபோல் இருந்தது. கடைக்காரர் பொருத்தமான ஒன்றை எடுத்தார். அக்கா வேண்டாம் என்று தலையாட்டினார்.

"அதிலும் உயரமானதைக் கேள். அவன் அப்ப வளருற வயசு."

அதைத் தோளில் சாய்த்துக்கொண்டு அக்கா குகைப்பக்கம் நடந்தார். நான் பின்னால் ஓடினேன். குகைக்குள் அவர் போகவில்லை. குகைக்கு முன்னால் ஓடுகிற ஆற்றுக்கு இந்தக் கரையில், எதிரே நின்றார். அந்தப் பக்கம் சனம் திரி கொளுத்திக்கொண்டிருந்தது. எங்கள் சுவாமி எங்களைக் கண்டுவிட்டு, கிட்ட வராமல் தள்ளியே நின்றார்; அவர் மீதிருந்த எரிச்சல் எனக்கு அப்போது போய்விட்டது. அக்கா திரியை ஊன்றிப் பிடித்தபடி, எவ்வளவோ காலத்துக்குப் பிறகு, மாதாவை நேருக்கு நேர் பார்த்தார். உதடு அசைந்தது. பிறகு திரும்பி வந்தார்.

"என்னக்கா சொன்னனீங்கள்?"

"திரி வாங்கிட்டன், இனி உன்ர பாடு எண்டு சொன்னனான்."

"கொளுத்தேல்லையோ?"

"ஏன் கொளுத்துறது? அவ இன்னும் தரேல்லையே."

அந்தத் திரியை மொன்றியலுக்குக் கொண்டுவந்த கதையைத் தனியாகத்தான் சொல்லவேண்டும். சுருக்கமாகச் சொன்னால், அட்டையில் சுற்றி, கம்பளிப் போர்வையில் சுற்றி, கயிறு கட்டினோம். விமான நிலையத்தில் கவுண்டரில் இருந்த பெண், பனிச்சறுக்குப் பலகையா என்று கேட்டாள். கனடாக் கடவுச்சீட்டை நீட்டிக்கொண்டு, ஓம் என்றேன். அக்காவின் வயதைப் பார்த்துவிட்டு அவள் மரியாதையோடு ஒட்டுத்தாள் ஒட்டினாள். அன்றிலிருந்து திரி பார்க் எக்ஸ்டென்ஷன் வீட்டில், அலுமாரிக்கும் சன்னலுக்கும் நடுவில் நிற்கிறது. அக்கா தூசி தட்டுவார். வெயில் நாட்களில் உருகாமல் இருக்க சன்னலுக்குத் திரைச்சீலை போடுவார். பூசை முடிந்து வெளியே வரும்போது இப்போது மாதாவை ஒருமுறை பார்க்கிறார். சமாதானம் என்று சொல்லமுடியாது. நினைவிருக்கிறதா என்று கேட்கிற பார்வை.

நான் பூசையைப் பற்றிப் பிறகு கதைக்கவில்லை. சனிக்கிழமைகளில் கதைக்க வேறு விஷயம் தேடவேண்டியிருந்தது, முதலில் அது கஷ்டமாகத்தான் இருந்தது.

பிறகு ஒரு நாள் பனிமழை பெய்தது. பெய்த தண்ணீர் பெய்த இடத்திலேயே உறைந்து, மரக்கொப்புகள் பாரம் தாங்காமல் மின்கம்பிகளில் முறிந்து விழுந்தன. பாதி நகரத்துக்கு மின்சாரம் இல்லை. அக்காவின் தெருவும் இருட்டு என்று அறிந்து, ஃபிளாஸ்கில் சூப் ஊற்றிக்கொண்டு மெட்ரோவில் போனேன். மெழுகுதிரி வாங்கலாம் என்று தெப்பனரில், அதுதான் மூலையிலிருந்த சின்னக் கடையில், கேட்டேன். மத்தியானமே முடிந்துவிட்டது என்றான் கடைக்காரன். வெளிப்படி முழுக்கப் பனிக்கட்டி. கைபிடியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இரண்டாம் மாடிக்கு ஏறினேன்.

அக்கா இருட்டுக்குள் கோட்டும் தொப்பியுமாகக் கதிரையில் இருந்தார். வீடு குளிர்ந்துபோயிருந்தது. என் தொலைபேசியின் வெளிச்சத்தில் சூப்பைக் குடித்தோம். சிறிது நேரத்தில் அதற்கும் உயிர் போகும் நிலை வந்தது. வெளிச்சம் கடைசியாகப் பட்ட இடத்தில் அந்தத் திரி வெள்ளையாக நின்றது.

என் புத்தி எப்போதும் வசதியைத்தான் தேடும். "அக்கா, அதைக் கொஞ்ச நேரம் கொளுத்துவமோ? அவ்வளவு பெரிய திரியிலை ஒரு இரவிலை என்ன குறையப்போகுது?"

அக்கா சாமான்களைத் தடவி எடுத்து ஒதுக்கிக்கொண்டே, கோபமில்லாமல், பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொன்னார்.

"அவன்ர உயரம் குறையும்."

தொலைபேசி அணைந்தது. நான் எழுந்துபோய், இருட்டில் கையை நீட்டி, திரி விழாமல் சரியாக நிற்கிறதா என்று தொட்டுப் பார்த்தேன். பிறகு வந்து அக்காவின் போர்வைக்குள் புகுந்துகொண்டேன். மின்சாரம் வருமட்டும் இரண்டு பேரும் அப்படியே இருந்தோம்.